கட்டிப்பிடித்து எடுத்த அளவு

சில குடும்பங்களில் சீனி வருத்தம் பரம்பரையாக வரும். சில குடும்பங்களில் வழுக்கை வரும். எங்கள் குடும்பத்தில் வருவது பயம். வானத்தில் ஒரு முகில் கறுத்தால் போதும், அம்மா முற்றத்து விறகை எல்லாம் குசினிக்குள் அடுக்கிவிடுவார். மழை வராது. நாங்கள் விறகுக்கு மேல் ஏறி நின்று சோறு வடிப்போம். அந்தச் சொத்தை அம்மா எனக்கும் தம்பி யூட்டுக்கும் சண்டை வராமல் சரிபாதியாகப் பிரித்துத் தந்துவிட்டுப் போனார். தம்பி தன் பங்கைப் பிரான்சுக்குக் கொண்டுபோனான். நான் என் பங்கை நெடுந்தீவிலேயே வைத்துப் பெருக்கினேன்.

இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சொத்துத்தான் காரணம். போனில் ஒரு பிழையும் இல்லை. (அப்போது போனைத்தான் திட்டினேன். பாவம் அது.)

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்குப் பாடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பிறகு தையல் பழகப் போனேன். போய்ப் பார்த்தால் தையல் முழுக்கக் கணக்கு. ஓடி ஒளித்தவளைத் தேடி வந்து பிடித்த மாதிரி. ஆனால் துணியில் வருகிற கணக்கு என்னை வெருட்டவில்லை. கரும்பலகையில் அரை என்பது ஒரு கோடு, அதற்கு மேல் ஒரு இலக்கம், கீழே ஒரு இலக்கம். துணியில் அரை என்பது ஒரு மடிப்பு. அவ்வளவுதான்.

எங்கள் தீவில் அந்தக் காலத்தில் சாறிச்சட்டை தைப்பது ஒரு யாத்திரை. படகேறிக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் அளவு கொடுக்க வேண்டும். தைத்ததை வாங்க ஒருமுறை போக வேண்டும். வாங்கிவந்து போட்டுப் பார்த்தால் கை ஏறாது, அதற்கு இன்னொருமுறை. கடல் குழம்பினால் படகும் ஓடாது. சட்டை சரியாகி வந்து சேரும்போது கலியாணம் முடிந்து பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற காலம் ஆகிவிடும். (கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். நிறைய இல்லை.)

ஆகவே நான் வீட்டில் ஒரு தையல் மெசினைப் போட்டதும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அளவுகளைக் கொப்பியில் எழுதிவைத்தேன். கொப்பி என்றால் கறையான் வரும், ஒழுக்கு வரும் என்று நான் பயந்து பயந்து அதை இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தது மாடு. காயட்டும் என்று கல்மதிலுக்கு மேல் விரித்து வைத்த கொப்பியை, மதிலுக்கு அந்தப் பக்கத்தால் தலை நீட்டிய பசு ஒன்று மேய்ந்துவிட்டது. இரண்டு பேருடைய கைகளும் ஒருவருடைய கழுத்தும் போயின.

அந்த வருடம் தம்பி விடுமுறையில் வந்து நின்றான். நான் மாட்டுக் கதையைச் சொல்லி அழ, அவன் என் போனை வாங்கிக் குறிப்பு எழுதுகிற ஆப் ஒன்றை ஏற்றித் தந்தான்.

"அக்கா, இனி இதில எழுது. போன் கடலுக்கை விழுந்தாலும் எழுதினது போகாது. வேற இடத்திலயும் பதிஞ்சு கிடக்கும்."

"வேற இடம் எண்டா எங்க?"

"எல்லா இடத்திலயும்."

எல்லா இடத்திலும் இருப்பது ஆண்டவர் ஒருவர்தான் என்று ஞானோபதேசத்தில் படித்தவள் நான். இருந்தாலும் தம்பி படித்தவன். நம்பினேன். அதற்கு ஒரு ஈமெயில் வேண்டும் என்றது. எனக்கேது ஈமெயில்? தம்பி தன்னுடையதையே போட்டுவிட்டான். இங்கே எழுதினால் அவன் போனிலும் பதியும். எங்கே அழித்தாலும் இரண்டிலும் அழியும். அவன் எனக்குச் சொன்னது முதல் பாதியை. இரண்டாம் பாதியை நான் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் பற்றிக் கேள்வி கேட்கிற நான், கேட்க வேண்டிய அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

எழுதத் தொடங்கினேன் பாருங்கள், பிறகு நிற்கவில்லை. கொப்பியில் இலக்கம் மட்டும்தான் இருந்தது, யாரும் எட்டிப் பார்ப்பார்கள் என்ற பயம். போனுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? அளவு நாடா சொல்லாததையும் சேர்த்து எழுதினேன். ஒருவருக்கு ஒரு தோள் இறக்கம். ஒருவர் நாடாவைக் கண்டாலே நிமிர்ந்து நிற்பார், நாடாவைச் சுருட்டினால் கூனுவார். இதெல்லாம் தெரியாமல் வெட்டினால் சட்டை பிழைக்கும். தையல்காரிக்கு அது வேதம்.

அப்படி இருக்கும்போதுதான் பிலோமி மாமி வந்தார்.

மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. தீவே அவரை மாமி என்றுதான் கூப்பிடும். அவருக்குச் சட்டை தைத்துத் திருப்திப்படுத்திய ஆள் யாழ்ப்பாண நகரத்திலும் இல்லை என்பது தீவறிந்த உண்மை. அவருடைய இளைய மகள் ஜெசிந்தாவுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. கலியாணச் சட்டை, மூத்த மகள் எஸ்தருக்கு ஒன்று, தனக்கு ஒன்று, பெண் வீட்டுச் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒவ்வொன்று என்று ஒரு பெரிய துணிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார்.

"இந்த முறை உன்னட்டத் தாறன் பிள்ளை. வடிவா வந்தா இனிப் படகேற மாட்டம். வராட்டி..." என்று நிறுத்திவிட்டு என் மெசினைப் பார்த்தார். மெசின் அடக்கமாக நின்றது.

மாமி சரி என்றால் தீவே சரி என்ற மாதிரி. மாமி சரியில்லை என்றால் எல்லாரும் பழையபடி படகேறுவார்கள். என் மெசினுக்கு மேல் துணி போட்டு மூடிப் பூச்சாடி வைக்க வேண்டியதுதான்.

எல்லாருக்கும் அளவெடுத்தேன். போனில் எழுதுவதை மாமி சந்தேகமாகப் பார்த்தார்.

"உதுக்குள்ள எழுதினா நிக்குமோ? கொப்பியில எழுதன்."

"மாமி, நெடுந்தீவே கடலுக்கை போனாலும் இது போகாது!" என்றேன். (இதை யார் சொன்னது? முகில் கண்டால் விறகு அடுக்கியவளின் மகள்.)

"சரி. கலியாணப் பொம்பிளைக்கு ரெண்டு தரம் அளவெடுக்கக் கூடாது. அது சரியில்லை. எடுத்தது எடுத்ததுதான்."

அப்படி ஒரு வழக்கத்தை நான் அதற்கு முன்பும் கேள்விப்படவில்லை, பின்பும் கேள்விப்படவில்லை. மாமி அந்த இடத்திலேயே உண்டாக்கிய சட்டம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை மீற நான் யார்?

அன்று நான் எழுதிய குறிப்புகளை இப்போது சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை அங்கேதான். எஸ்தருக்கு நேரே இப்படி எழுதினேன்: "முதுகு வடிவு. நல்லா இறக்கலாம். மனுசனுக்குத் தெரியக் கூடாதாம்." அவள் புருசனுக்குத் தெரியாமல் சட்டையின் பின்கழுத்தை இறக்கி வெட்டுவதைத்தான். ஜெசிந்தாவுக்கு: "இறுக்கமாத்தான் விருப்பம். வெள்ளி பின்னேரம் தனிய வரச் சொன்னது." தாய் பக்கத்தில் நின்றால் பெட்டை வாய் திறக்காது என்பதற்காகத் தனியே வரச் சொன்னேன். மாமிக்கு, இரண்டு அங்குலம் கூட்டி வெட்ட நினைத்து: "மூச்சை இழுத்துப் பிடிக்கிறா. விட்டாத்தான் உண்மை தெரியும். ரெண்டு இஞ்சி கூட்டு. சொல்லாதே."

அன்று பின்னேரமே இறங்குதுறையில் கவரேஜ் கிடைத்ததும் இதெல்லாம் என் தம்பியின் போனுக்கும் போய்விட்டது. அவன் அந்த ஆப்பைத் திறப்பதே இல்லை. திறந்தது அவன் மனைவி கிறேஸ். கடைக்குப் போகிறபோது சாமான் விபரம் எழுதத் திறந்தாளாம்.

கிறேஸ் வேலணைப் பிள்ளை. நல்ல பிள்ளை. ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும்: யூட் வெளிநாடு போவதற்கு முன்பு எஸ்தரைத்தான் அவனுக்குப் பேசினார்கள். சரிவரவில்லை, அவ்வளவுதான். இப்போது தன் புருசனின் போனில் எஸ்தரின் பெயரும், நெஞ்சளவும், இடுப்பளவும், "முதுகு வடிவு, மனுசனுக்குத் தெரியக் கூடாதாம்" என்ற வரியும் இருந்தால் எந்தப் பெண் சாமான் வாங்கப் போவாள்?

"ஆர் உந்த எஸ்தர்?" என்று தெரியாதவள் போலக் கேட்டிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் முடிந்திருக்கும். என் தம்பி, அம்மாவின் சொத்தில் பாதிக்கு உரிமையாளன், "எனக்குத் தெரியாது" என்றிருக்கிறான். சொன்னதோடு நில்லாமல், எல்லாக் குறிப்பையும் அழித்து, அழித்ததைப் போட்டு வைக்கிற கூடையையும் வெறுமையாக்கியிருக்கிறான். அதன் பிறகுதான், "அது அக்காட தையல் அளவுகள்" என்ற உண்மை அவன் வாயில் வந்தது.

"அப்ப ஏன் அழிச்சனீங்கள்?" என்று கிறேஸ் கேட்டிருக்கிறாள்.

இது ஒன்றும் தெரியாமல் நான் இங்கே இருந்தேன். எங்கள் வீட்டில் கவரேஜ் சொட்டும் வராது. அதனால் பிரான்சில் அழிந்தது என் போனில் அழியவில்லை. ஒவ்வொரு இலக்கமும் பத்திரமாக இருந்தது. ஒரு இரண்டு நாள் நான் வீட்டில் சும்மா இருந்திருந்தால் துணியை வெட்டி முடித்திருப்பேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம். கன்றைத் தாயிடம் கொண்டுபோய் விடுவது போல, பின்னேரம் ஆனால் போனை இறங்குதுறைக்குக் கொண்டுபோய்க் கவரேஜ் ஊட்டிக்கொண்டு வருவேன். அப்போதுதான் எழுதியதெல்லாம் "எல்லா இடத்துக்கும்" போய்ச் சேரும் என்று நினைப்பு. கலியாண அளவுகள் என்றபடியால், ஒருமுறை போனது இன்னொருமுறையும் போகட்டும் என்று அடுத்த நாளும் நேரத்தோடு போனேன்.

படகு கட்டுகிற தூணுக்குப் பக்கத்தில் நின்று டேட்டாவைப் போட்டேன். முதல் வந்தது தம்பியின் மெசேஜ்.

"அக்கா டேட்டா போடாதே. போட்டா எல்லாம் அழியும்."

டேட்டா போட்டால்தான் வாசிக்கக்கூடிய மெசேஜில், டேட்டா போடாதே என்று எழுதியிருந்தான். எங்கள் குடும்பத்தின் புத்தியை ஒரு வரியில் விளக்கச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அவசரமாக ஆப்பைத் திறந்தேன். ஜெசிந்தா இருந்தாள். கண் முன்னால் இல்லாமல் போனாள். எஸ்தர் போனாள். மாமி கொஞ்ச நேரம் நின்றார், மாமி அல்லவா. பிறகு அவரும் போனார். வெள்ளைத் திரை. படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன அக்கா, ஆரும் செத்துப்போயிட்டினமோ?" என்று கேட்டார். "ஓம், எல்லாரும்" என்றேன்.

பிறகு தம்பி கோல் எடுத்து நடந்ததைச் சொன்னான். கிறேஸ் என்னோடு கதைக்க மாட்டேன் என்றாளாம். "அக்காவும் தம்பியும் சேர்ந்து கதை கட்டுறியள்" என்றாளாம்.

நீங்கள் கேட்பீர்கள், திரும்ப ஒருமுறை அளந்தால் என்ன என்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் மாப்பிள்ளையை ஒருக்கா மாற்றலாமோ என்று கேட்பது அதைவிடச் சுகம். மற்றப் பெண்களை மட்டும் அளந்தாலும், கடைசிப் பெண்ணின் கையிலிருந்து நாடாவை எடுப்பதற்குள் செய்தி மாமியிடம் போய்விடும். பழைய சட்டையைக் கேட்டு வாங்கவும் ஏலாது. பழைய சட்டை பிழை என்றுதானே என்னிடமே வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். என் மனுசன் முற்றத்துக் கதிரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நேரே போய், எழுப்பி நிறுத்தி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன்.

அவர் விறைத்துப்போய் நின்றார்.

"இஞ்சாரும்... ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. ஆடாமல் நில்லுங்கோ."

"அப்ப ஆர் வெளிநாடு போறது?"

அவரில் பிழையில்லை. எங்கள் ஊரில் மனிதர் மனிதரைக் கட்டிப்பிடிப்பது இரண்டே இடத்தில். ஒன்று செத்தவீடு. மற்றது, வெளிநாடு போகிறவரை வழியனுப்புகிற இறங்குதுறை. மற்றபடி அன்பு என்றால் ஒரு மீனைக் கூடப் போட்டுக் கொடுப்போம்.

நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைகள் அவர் முதுகில் எந்த இடத்தில் சந்திக்கின்றன, விரல் எந்தக் கணுவில் முட்டுகிறது என்று. பிறகு நாடாவால் அளந்தேன். அரை இஞ்சிதான் பிழை. கரும்பலகையில் தோற்றவளுக்கு ஆண்டவர் கையிலே அடிமட்டம் வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. (நிமிர்ந்த நெஞ்சு சட்டைக்குக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும்.)

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தது. மற்றவர்கள் கைகூப்பினார்கள். நான் பக்கத்தில் நின்ற எஸ்தரைக் கட்டிப்பிடித்தேன். நெஞ்சு. அடுத்து அவளுடைய சின்னம்மா. பிறகு உட்காருகிற வாங்கு விட்டு வாங்கு, வரிசை வரிசையாகப் போனேன். சுவாமியார் அடுத்த செபத்தைத் தொடங்கிவிட்டு, நான் இன்னும் முடிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். ஜெசிந்தாவிடம் வந்தபோது இரண்டு தரம் கட்டிப்பிடித்தேன், ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று இடுப்புக்கு. பெட்டை, "என்னக்கா?" என்று என் தோளில் கேட்டாள். "சமாதானம்" என்றேன்.

கடைசியாக மாமி. அவர் மலைபோல நின்றார். கட்டிப்பிடித்தேன். முதலில் கட்டை மாதிரி இருந்தவர், பிறகு எங்கோ ஒரு இடத்தில் இளகி, ஒரு நீளமான மூச்சை விட்டார். மாமியின் நெஞ்சளவு ஒன்றுதான் எனக்கு நினைவில் நின்றது; ஆனால் என் விரல்கள் அந்த இடத்தில் சந்திக்கவில்லை. சறுக்கிவிட்டது போல இருக்கிறது என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் போனில் எழுதினேன். அதே ஆப்பில். (ஓம். அதே ஆப்பில். நான் சொன்னேனே, ஒன்பதாம் வகுப்பு.)

திங்கட்கிழமை காலையில் ஒருவர் வந்தார். "றீற்றா, நான் தந்த துணியைத் தாரும், அவசரம் ஒண்டு." கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். பிறகு இருவர் சேர்ந்து. ஒருவர் கண் கலங்கி, "போய்ச் சேர்ந்தோடன ஒரு கோல் எடும்" என்று என் கையைப் பிடித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னேரம் மனுசன் வந்துதான் சொன்னார்.

"ஊரெல்லாம் கதை. நீர் தம்பியிட்டப் பிரான்சுக்குப் போறீராம்."

"ஆர் சொன்னது?"

"நீர்தானே கோயிலில எல்லாரையும் கட்டிப்பிடிச்சு விடை வாங்கினனீர். ஒருத்தரும் சாகேல்லை எண்டா, பிறகென்ன?" வலையைக் கையில் எடுத்தபடி கேட்டார்: "என்னையும்தானே கட்டிப்பிடிச்சனீர். உண்மையாய்ப் போறீரோ?"

அந்தக் கேள்வியை அவர் வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எங்கள் தீவில் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள்; கடைசி நாள்வரை சொல்ல மாட்டார்கள்.

இனித் தாங்காது என்று, போனை ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன். கிறேஸிடம் நானே கதைத்து, தம்பியை முதலில் காப்பாற்றலாம், மாமியின் கோபத்துக்கு அதன் பிறகு கழுத்தைக் கொடுக்கலாம் என்று எண்ணம். பையோடு, படகு வருகிற நேரத்தில், இறங்குதுறைக்குப் போகிறேன். ஊர் என்ன நினைத்திருக்கும் என்று அந்த நேரம் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

வீடியோ கோலில் கிறேஸ் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மச்சாள், தம்பிக்காக நீங்கள் பொய் சொல்லத் தேவையில்லை. என்னட்ட ஆதாரம் இருக்கு."

"என்ன ஆதாரம் கிறேஸ்?"

"அவர் அழிக்க முதலே எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைச்சிட்டன். ஒரு எழுத்து விடேல்லை."

எனக்கு அந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் போல இருந்தது.

"எல்லாத்தையுமோ? ஜெசிந்தாட கைச் சுற்றளவும் இருக்கோ?"

"மச்சாள்!"

"முன்கழுத்து? முன்கழுத்து எவ்வளவு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும், குறை விளங்காதையும்..."

"உங்களுக்கு வெக்கமில்லையோ? என்ர வாயால சொல்லுறதோ?" கிறேஸ் அழத் தொடங்கினாள். "எஸ்தர் ஒருத்தி எண்டாலும் பரவாயில்லை. பழைய கதை எண்டு விடலாம். ஜெசிந்தா ஆர்? உந்தப் பிலோமி எண்டவள் ஆர்? 'மூச்சை இழுத்துப் பிடிக்கிறா, விட்டாத்தான் உண்மை தெரியும்' எண்டு எழுதியிருக்கு. என்ன உண்மை? ஆர் அவள்?"

எனக்குப் பின்னால் ஓட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டிருந்தது. திரும்ப நேரம் இருக்கவில்லை. ஒரு கை என் தோளுக்கு மேலால் வந்து போனை வாங்கியது.

"பிலோமி நான்தான் பிள்ளை" என்றார் மாமி.

கிறேஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்: நரைத்த கொண்டை, கழுத்தில் உத்தரியம், முன்பல் ஒன்று இல்லாத வாய். தூரத்தில் தம்பியின் குரல் மட்டும் கேட்டது. "நான் அப்பவே சொன்னனான்!"

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள் கிறேஸ். ஆனால் குரல் இளகிவிட்டது.

"பிள்ளை, எஸ்தரும் ஜெசிந்தாவும் என்ர பெட்டையள். கலியாணத்துக்குச் சட்டை தைக்கக் குடுத்தனாங்கள். எஸ்தருக்கு என்ன எழுதியிருக்கு?"

கிறேஸ் வாசித்தாள். மாமி கேட்டார். "முதுகை இறக்கச் சொன்னவளோ? நான் அவளோட கதைக்கிறன். சரி, இப்ப எனக்கு எழுதினதை மிச்சமும் வாசி."

"வேண்டாம் மாமி, கவரேஜ் சரியில்லை" என்றேன் நான்.

"நீ பேசாதை. வாசி பிள்ளை."

கிறேஸ் மெதுவாக வாசித்தாள். "ரெண்டு இஞ்சி கூட்டு. சொல்லாதே."

படகு வந்து தூணில் முட்டியது. ஆட்கள் இறங்கினார்கள். மாமி என்னைப் பார்த்தபடி நின்றார். என் மெசின், அதற்கு மேல் ஒரு பூச்சாடி, எல்லாம் என் கண்ணில் வந்து போயின.

"எனக்கு ரெண்டு இஞ்சி கூட்டினனீ?"

"ஓம் மாமி."

"காணுமோ?"

அந்த நேரத்தில் என் தலைக்குள் ஒன்று ஓடிப் பொருந்தியது. கோயிலில் என் கைகள் சறுக்கவில்லை. மாமி மூச்சை விட்ட பிறகு என் கை சொன்ன அளவு, நாடா சொன்னதற்கு மேல் சரியாக இரண்டு இஞ்சி. "காணும் மாமி, அளவாப் போதும்" என்றேன்.

"அப்ப நீ வெளிநாடு போகேல்லையோ?"

"இல்லை மாமி. அளவு அழிஞ்சிட்டுது. கேக்கப் பயத்தில கட்டிப்பிடிச்சு அளந்தனான்."

மாமி பக்கத்தில் இருந்த சீமெந்துக் கட்டின் மேல் அமர்ந்தார். "நான் துணியைப் பறிக்க வந்தனான் எண்டு நினைச்சியோ? படகு வெளிக்கிட முதல் உன்னைப் பிடிக்க வந்தனான். எல்லாரும் போகினம். ஆரும் என்னட்டச் சொல்லிப் போட்டுப் போறேல்லை. நீ ஒருத்திதான் கட்டிப்பிடிச்சுச் சொன்னனீ எண்டு நேற்று முழுக்க அழுதனான்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் பழைய குரலுக்கு வந்தார். "கட்டிப்பிடிச்சது கணக்கில வராது. பொம்பிளைக்கு ஒரு தரம்தான் அளந்தது. விளங்கிச்சோ?"

விளங்கியது. கிறேஸ் எல்லாப் படத்தையும் அந்த இடத்திலேயே அனுப்பினாள். என் தம்பிக்கு எதிராகச் சேர்த்த ஆதாரத்தைப் பார்த்துத்தான் ஜெசிந்தாவின் கலியாணச் சட்டையை வெட்டினேன். திருப்பி வாங்கிக்கொண்டு போன துணிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. (சாக்லேட் அனுப்பச் சொல்லக் காத்திருந்தவர்களும் இருந்தார்களாம்.)

கலியாணத்தன்று ஜெசிந்தாவின் சட்டை தோலோடு பிறந்த மாதிரி இருந்தது. எஸ்தரின் முதுகு இறங்கவில்லை. படம் எடுக்கிறவர் மாமியைப் பார்த்து, "அம்மா, சிரியுங்கோ" என்றார். மாமி என்னைத் தேடி ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சை விட்டுச் சிரித்தார். ஒரு தையலும் விடவில்லை. அந்தப் படம் இப்போதும் என் மெசினுக்கு மேல் இருக்கிறது, பூச்சாடி வரவிருந்த இடத்தில்.

ஜெசிந்தா இப்போது கனடாவில். பிள்ளை பெற்றபோது மாமியையும் கூப்பிட்டுக்கொண்டாள். இறங்குதுறையில் மாமியை நான் கட்டிப்பிடித்தேன், இந்த முறை வழியனுப்பத்தான். கை பழக்கத்தில் அளந்துவிட்டது. மெலிந்திருந்தார். வீடியோ கோலில் வந்தால் இன்றைக்கும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார், "அள பிள்ளை" என்று. எங்கள் வீட்டில் யாராவது என்னைக் கட்டிப்பிடித்தால் மற்றவர்கள் சத்தம்போட்டு எண்ணத் தொடங்குவார்கள். என் மனுசன் மட்டும் எண்ண மாட்டார். ஆர் செத்தது என்று கேட்பார்.

எனக்கு இப்போது சொந்த ஈமெயில் இருக்கிறது. கொப்பியும் இருக்கிறது. கொப்பியை மாட்டுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

போன வருடம் தம்பியும் கிறேஸும் வந்தார்கள். கூட்டிவரக் குறிகட்டுவானுக்குப் போயிருந்தேன். அத்தனை வருடமும் திரையில் மட்டும் பார்த்தவளை அன்றுதான் நேரில் காண்கிறேன். பஸ்ஸால் இறங்கியவள் நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். கடற்காற்றில் அவளுடைய தலைமயிர் என் முகத்தில் அடித்தது. தம்பி பைகளோடு, இனி என்ன வருமோ என்று பயந்துபோய் நின்றான்.

கிறேஸ் என் காதுக்குள் கேட்டாள்: "எத்தினை மச்சாள்?"

"முதல்ல மூச்சை விடும்" என்றேன்.